உணர்வு இழந்த பாதத்துக்கு எச்சரிக்கை மணி: கம்பியில்லா அழுத்த உணரிகள்

வைகை அணையின் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதற்கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை விடப்படும். 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. முழு அளவு 71 அடி. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் கரையோர மக்களுக்கு இந்த எண்கள் மனப்பாடம். இந்த ஏற்பாட்டில் மூன்று பங்குகள் உண்டு: நீரை அளக்கும் அளவுகோல், அளவு மீறியதை ஊருக்குச் சொல்லும் சங்கு, சங்கொலி கேட்டதும் ஆட்டையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு மேட்டுக்குப் போகும் மனிதர். மூன்றில் எது தவறினாலும் மற்ற இரண்டும் வீண்.

மனிதப் பாதத்திலும் இதே ஏற்பாடு இருக்கிறது. சர்க்கரை நோய் முற்றிய சிலருக்கு அதில் சங்கு ஊதுவது நின்றுவிடுகிறது. அந்தச் சங்கை மின்னணுவியலால் மீண்டும் ஊத வைக்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் பொருள். கைக்குட்டை போல வளையும், தோலோடு ஒட்டிக்கொள்ளும், கம்பி இல்லாமல் செய்தி அனுப்பும் அழுத்த உணரிகள் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் உருவாகி வருகின்றன. ரோபோவின் விரலுக்கும் செயற்கைக் கைக்கும் தொடுஉணர்வு தருவதற்கென்று தொடங்கிய இத்துறையின் பயன், நம் வீட்டு அத்தாவின் பாதம் வரை வந்திருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. 71 அடி ஆழத் தண்ணீர் தன் அடித்தளத்தில் தரும் அழுத்தம் சுமார் 212 கிலோபாஸ்கல். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் இரண்டு கிலோ எடைக்குச் சற்று மேல். நீரிழிவுப் பாதம் குறித்த சர்வதேச ஆய்வுக் குழு, ஒருமுறை புண் வந்து ஆறியவருக்குத் தயாரிக்கும் காலணிக்குள் எந்த இடத்திலும் உச்ச அழுத்தம் 200 கிலோபாஸ்கலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. நிரம்பிய வைகை அணையின் ஆழத்தில் இருக்கும் அழுத்தமும், பெருவிரலுக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஒவ்வொரு அடிக்கும் விழும் அழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்று! செருப்பில்லாமல் தரையில் நடக்கும்போது இது இன்னும் கூடும்.

அப்படியானால் நம் எல்லோருடைய பாதமும் ஏன் புண்ணாகவில்லை? நாம் அசைந்துகொண்டே இருப்பதால்தான். ஜும்ஆ பயானில் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பவரைக் கவனித்துப் பாருங்கள். எத்தனை முறை காலை மாற்றிப் போடுகிறார், எத்தனை முறை எடையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்க்கிறார் என்று அவருக்கே தெரியாது. நீண்ட தூரம் நடந்தால் நம் நடை மெல்ல மாறும். வலிக்கத் தொடங்கிய இடத்தை விட்டுவிட்டுப் பாதம் வேறு இடத்தை ஊன்றும். வலி என்று நாம் உணர்வதற்கு முன்பே நரம்பு இவற்றையெல்லாம் செய்து முடித்துவிடுகிறது.

பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது பாதத்தின் நரம்புகள் நுனியிலிருந்து செயலிழக்கின்றன. முதலில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, பிறகு மதமதப்பு, பிறகு எதுவும் இல்லை. எரிச்சல் நின்றதும் "இப்போது கால் நன்றாக இருக்கிறது" என்று நம் பெரியவர்கள் நிம்மதி அடைவதுண்டு. உண்மையில் சங்கு நின்ற நேரம் அதுதான். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடி என்று அது மதிப்பிட்டது. எல்லோருக்கும் பாதம் மரத்துப்போவதில்லை. ஆனால் சிறு பங்கினருக்கு என்றாலும் அது லட்சக்கணக்கான குடும்பங்கள்.

வேலூரில் தொடங்கிய கதை

செயற்கை முறையில் பாதத்துக்கு உணர்வு தர முடியுமா என்ற கேள்வியின் வேர் தமிழகத்தில் இருக்கிறது. பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய அறுவைச் சிகிச்சை மருத்துவர் 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணிக்கு வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனது அவருடைய வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாணை மாற்றிப் பொருத்தும் அறுவைச் சிகிச்சைகளில் அவர் பெயர் பெற்றார்.

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு கத்தியில் இல்லை. கவனித்துப் பார்த்ததில் இருந்தது. தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. விரல்களைத் தின்பது நோயல்ல, உணர்வில்லாத வாழ்க்கை என்று பிராண்ட் கண்டார். தான் முயன்றும் திறக்க முடியாத துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் சாதாரணமாகத் திறந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். சிறுவனின் கையைப் பிடித்துப் பார்த்தால் சாவி அவன் விரலைக் கிழித்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. மறுவாழ்வு விடுதியில் தங்கியவர்களின் விரல்கள் இரவோடு இரவாகக் குறைந்துபோவதன் காரணத்தைத் தேடினார்கள். எலிகள்! தூக்கத்தில் எலி கடிப்பது உணர்வில்லாதவருக்கு எப்படித் தெரியும்? அதன் பிறகு அங்கு தங்கியவர்களுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. மருத்துவ வரலாற்றில் இவ்வளவு எளிய மருந்துச் சீட்டை நாம் வேறெங்கும் படித்ததில்லை.

காலுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு வேலூரும் அருகிலுள்ள கரிகிரி மருத்துவமனையும் கண்ட விடை, நுண்துளைகள் கொண்ட மிருதுவான ரப்பர் செருப்பு. இன்றும் சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் 'எம்.சி.ஆர். செருப்பு' அதுதான். தொழுநோயாளிக்காகச் செய்த செருப்பு என்பதால் அதைப் போட வெட்கப்படும் பெரியவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். அந்த வெட்கத்துக்கு விலையாகச் சில விரல்கள் போயிருக்கின்றன என்று சொன்னால் அது மிகையல்ல.

1966-இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற ஊரிலிருந்த அரசுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அழுத்தம் பாதத்தை எப்படிப் புண்ணாக்குகிறது என்பதை அங்கு விரிவாக ஆராய்ந்தார்கள். வழிகள் மூன்று என்று தெரிந்தது. ஆணி குத்துவது போல ஒரே இடத்தில் மிகப்பெரிய அழுத்தம் விழுவது ஒன்று, இது அபூர்வம். இறுக்கமான செருப்பு வாரைப் போல, லேசான அழுத்தம் மணிக்கணக்கில் விலகாமல் நின்று இரத்த ஓட்டத்தை அடைப்பது இரண்டாவது. மூன்றாவதுதான் அதிகம் நடப்பது: தனித்தனியாக எந்தத் தீங்கும் செய்யாத நடுத்தர அழுத்தம், ஒரே இடத்தில் நாளுக்கு ஆயிரக்கணக்கான முறை விழுவது. உணர்வுள்ளவர் நொண்டத் தொடங்கும் இடத்தில், உணர்வில்லாதவர் அதே நடையில் நடந்துகொண்டே இருக்கிறார். உள்ளே சதை வீங்கி, சூடேறி, கடைசியில் உடைகிறது. தோலில் புண் தெரியும் நாளில் உள்ளே சேதம் முடிந்திருக்கும்.

முதல் 'அழுத்த உணரி சாக்ஸ்' அங்குதான் பிறந்தது. சாயம் அடைத்த கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்களை ஒரு சாக்ஸில் பதித்தார்கள். அழுத்தம் மிகும் இடத்தில் குமிழ்கள் உடைந்து நிறம் மாறும். சிறிது நடந்துவிட்டுக் கழற்றிப் பார்த்தால் ஆபத்தான இடம் தனித்துத் தெரியும். பேட்டரி இல்லை, கம்பி இல்லை. 1969-இல் இது எலும்பு மருத்துவ இதழொன்றில் வெளியானது.

அதற்கு அடுத்த முயற்சிதான் முக்கியமானது. கையுறையின் விரல் நுனிகளிலும் காலணியிலும் மின்னணு உணரிகளைப் பொருத்தி, அழுத்தம் அளவு மீறினால் காதுக்கருவியில் ஒலி எழுப்பும் 'செயற்கை வலி' அமைப்பை பிராண்ட் குழுவினர் உருவாக்கினார்கள். உணரிகள் வளைந்து வளைந்து முறிந்தன, வியர்வையில் அரித்துப்போயின. அதைக்கூடச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது மனிதர்தான். ஒலி கேட்டும் அணிந்தவர்கள் கையை எடுக்கவில்லை. ஒலி போதவில்லை என்று, உணர்வு மிச்சமிருந்த அக்குளில் மின் அதிர்ச்சி தரும்படி மாற்றினார்கள். அப்போதோ, ஒரு வேலையை முடித்தே தீர வேண்டும் என்று நினைத்தவர்கள் கருவியை அணைத்துவிட்டு வேலையை முடித்து, பிறகு மீண்டும் போட்டுக்கொண்டார்கள்.

திட்டத்தை பிராண்ட் கைவிட்டார். வலியின் பலமே, அதை நிறுத்தும் பொத்தான் நம் கையில் இல்லை என்பதுதான் என்று அவர் பின்னாளில் விளக்கினார். அவர் 2003-இல் காலமானார். இன்றைய உணரிகளைப் பார்க்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வியும் அவர் விட்டுச்சென்றதுதான்: அளக்கிறது, சரி, சங்கை யார் கேட்பார்?

வளையும் உணரி எப்படி வேலை செய்கிறது?

கார்வில் காலத்து உணரிகள் உலோகத் தகடுகள். இன்றுள்ளவை ரப்பர், பிளாஸ்டிக் படலம், துணி. பலவகை உண்டு, நாம் புரிந்துகொள்ள மூன்று போதும்.

முதல் வகை, இரண்டு மெல்லிய மின்முனைகளுக்கு நடுவே ஒரு ரப்பர் படலம். அழுத்தினால் இடைவெளி குறையும், மின்னேற்பு கூடும், அதை அளந்தால் அழுத்தம் தெரியும். இதில் ஒரு சிக்கல்: திண்மையான ரப்பர் எளிதில் நசுங்காது. இலவம்பஞ்சை அடைத்துத் திணித்த தலையணையும் அளவாக நிரப்பிய தலையணையும் எப்படி வேறுபடும் என்று போடி பக்கத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உள்ளே காற்றுக்கு இடமிருந்தால்தான் தலையணை அமுங்கும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜெனான் பாவ் குழுவினர் 2010-இல் இதைத்தான் செய்தார்கள். ரப்பர் படலத்தைச் சமதளமாக வைக்காமல், கண்ணுக்குத் தெரியாத கூம்புகளின் வரிசையாக வார்த்தார்கள். கூம்புகளுக்கு நடுவே காற்று. 20 மில்லிகிராம் எடையுள்ள ஓர் ஈ வந்து உட்கார்ந்ததைக்கூட அந்த உணரி காட்டியது.

இரண்டாவது வகை, கரித்தூள் கலந்த ரப்பர் அல்லது நுரை. அழுத்தினால் கரித்துகள்கள் நெருங்கி மின்தடை குறையும். விலை மலிவு, செய்வதும் எளிது. குறை என்னவென்றால் வெப்பத்தாலும் வியர்வையாலும் அளவு விலகும். அழுத்தத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பத் தாமதிக்கும். மலிவான 'ஸ்மார்ட்' பாதத்தகடுகளில் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது வகை, அழுத்தும்போது தானே மின்சாரம் தரும் படலம். பேட்டரியே வேண்டாம் என்று விளம்பரம் செய்ய ஏற்றது. ஆனால் அழுத்தம் மாறும்போது மட்டுமே இது பேசும். அப்படியே நின்றால் மௌனமாகிவிடும். கல்லாவில் காலை ஊன்றி மூன்று மணி நேரம் நிற்கும் கடைக்காரரின் பாதத்தைப் பற்றி இதற்கு ஒன்றும் தெரியாது.

ஜப்பானின் தகாவோ சோமேயா குழுவினர் இத்துறையில் இன்னொரு திசையில் போனார்கள். ரோபோவின் தோலுக்கென 2004-இல் பெரிய பரப்பில் வளையும் உணரி விரிப்பைச் செய்தவர்கள், 2013-இல் ஒரு சதுர மீட்டருக்கு 3 கிராம் மட்டுமே எடையுள்ள மின்னணுப் படலத்தைக் காட்டினார்கள். கசக்கினாலும் வேலை செய்தது.

இனி கம்பியில்லாச் செய்தி. சுலபமான வழி, ஒரு சிறு பேட்டரியும் புளூடூத்தும். கைக்கடிகாரத்துக்கோ போனுக்கோ செய்தி போகும். பேட்டரியைச் சார்ஜ் செய்ய வேண்டும் என்பதும், அது தடிப்பாக இருக்கும் என்பதும் குறைகள்.

பேட்டரி இல்லாத வழி சுவையானது. ஒரு சிறு கம்பிச்சுருளையும் மேலே சொன்ன முதல் வகை உணரியையும் இணைத்தால் அது ஒரு குறிப்பிட்ட அலைவரிசைக்கு மட்டும் இசையும், பழைய ரேடியோவில் முள்ளைத் திருப்பி நிலையம் பிடிப்பது போல. அழுத்தினால் மின்னேற்பு கூடி அந்த அலைவரிசை இறங்கும். வெளியிலிருந்து இன்னொரு சுருளை அருகில் கொண்டுவந்து, 'நீ எந்த அலைவரிசையில் இருக்கிறாய்' என்று தேடிப்பார்த்தால் அழுத்தம் தெரிந்துவிடும். உணரிக்குள் பேட்டரி இல்லை, சிப் இல்லை. ஸ்டான்ஃபோர்டு குழு 2014-இல் 2.5 மில்லிமீட்டர் அகலத்தில் இப்படி ஒன்றைச் செய்து, எலியின் மண்டைக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியிலிருந்து அளந்தது. இதே தத்துவத்தில் இயங்கும் ஒரு கருவியை இதய நோயாளிகளின் நுரையீரல் தமனிக்குள் வைக்க அதே ஆண்டு அமெரிக்க அரசு அனுமதி தந்தது. நோயாளி வீட்டில் ஒரு தலையணையில் படுத்தால் போதும். அதற்குள் இருக்கும் சுருள் கேட்கிறது, உள்ளே இருக்கும் உணரி பதில் சொல்கிறது. ஆனால் கேட்கும் சுருள் மிக அருகில் இருக்க வேண்டும். பாதத்துக்குப் பொருத்த வேண்டுமானால் கேட்கும் கருவியையும் காலோடு கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். இந்த இடத்தில்தான் ஆய்வுகள் இன்னும் தடுமாறுகின்றன.

வெறுங்கால் நாட்டில்

இதுவரை பாதத்துக்கென வந்த சோதனைகளில் முக்கியமானது இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் நடந்தது. 2019-இல் முடிவு வெளியானது. ஏற்கெனவே பாதப்புண் வந்து ஆறிய 58 பேர், 18 மாதங்கள். எல்லோருக்கும் காலணிக்குள் ஒவ்வொரு காலுக்கும் 8 உணரிகள் கொண்ட பாதத்தகடு. ஒரு பிரிவினருக்கு மட்டும், அழுத்தம் நீண்ட நேரம் விலகாமல் நின்றால் கைக்கடிகாரத்தில் எச்சரிக்கை வரும். எச்சரிக்கும் எல்லை 35 மில்லிமீட்டர் பாதரசம், பி.பி. அளக்கும் அதே அலகில். அதற்கு மேல் போனால் நுண்ணிய இரத்தக்குழாய்கள் அடைபடத் தொடங்கும் என்பது கணக்கு. எச்சரிக்கை பெற்றவர்களுக்குப் பாதத்தின் அடியில் மீண்டும் புண் வருவது 71 விழுக்காடு குறைந்தது. நாளுக்கு 4.5 மணி நேரமாவது ஒழுங்காக அணிந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 86 விழுக்காடு.

நல்ல முடிவு. சிறிய சோதனை என்பதை மறக்கக் கூடாது. நம்மைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அந்தத் தகடு காலணிக்குள் இருக்கிறது. காலையில் ஷூ மாட்டினால் இரவில் கழற்றும் நாட்டுக்கு அது சரி. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் பெரியகுளத்திலும் செருப்பு வாசலோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்குள் வெறுங்கால், பள்ளிவாசலில் வெறுங்கால், ஹவுளைச் சுற்றியுள்ள ஈரக் கல்லில் வெறுங்கால். சித்திரை வெயிலில் கொதிக்கும் பள்ளிவாசல் முற்றத்தை உணர்வில்லாத பாதம் நிதானமாகக் கடந்துபோகும். ஹஜ், உம்ரா செல்வோர் வெறுங்காலுடன் தவாஃபையும், ஸஃபா மர்வாவுக்கு இடையே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நடக்கும் ஸயீயையும் முடித்துவிட்டு அறைக்கு வந்த பிறகுதான் கொப்புளத்தைப் பார்க்கிறார்கள். பயணம் புறப்படும் முன் பாதச் சோதனை செய்துகொள்வதும், தவாஃபின்போது அணியும் பாதுகாப்பு பற்றி மருத்துவரிடமும் ஆலிமிடமும் முன்கூட்டியே கேட்டு வைப்பதும் நல்லது.

தொழுகையில் உட்காரும் நிலையில் இடது கணுக்காலின் வெளிப்புறம் தரையில் அழுந்துவதால் அங்கு தோல் காய்த்துக் கருப்பது நம்மில் பலருக்கு உண்டு. உணர்வுள்ளவருக்கு அது வெறும் தழும்பு. உணர்வில்லாதவருக்கு அதுவும் புண் வரக்கூடிய இடம். எந்த நாட்டுப் பாதத்தகட்டிலும் அந்த இடத்துக்கு உணரி இல்லை.

ஆகவே நமக்குப் பொருந்துவது காலணிக்குள் இருக்கும் தகடு அல்ல; தோலோடு இருக்கும் மெல்லிய படலம், அல்லது சாக்ஸ். 'வளையும்', 'கம்பியில்லா' என்ற இரண்டு சொற்களும் மேலைநாட்டாருக்கு வசதி, நமக்கு அவசியம். அத்தோடு இன்னொன்றும் வேண்டும்: ஐந்து வேளையும் ஒளூச் செய்யும் தண்ணீரைத் தாங்குவது. மின்னேற்பு அளக்கும் உணரியில் ஈரம் பட்டால் தண்ணீரையே அது அழுத்தம் என்று நினைத்துக்கொள்ளும். சிலிக்கோன் ரப்பருக்குள் முழுவதும் மூடித் தைக்காத எந்த உணரியும் நம் காலில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்காது.

சாக்ஸ் வடிவில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்திருப்பது அழுத்தத்தை அளப்பதில்லை, வெப்பத்தை அளக்கிறது. புண் வருவதற்கு முன் உள்ளே சதை சூடேறும் என்று மேலே சொன்னோம் அல்லவா, அந்தச் சூடு. இரண்டு பாதங்களிலும் ஒரே இடத்தைத் தொட்டுப் பார்த்து 2.2 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் தொடர்ந்து இருந்தால் அது ஆபத்தின் அடையாளம் என்பது பல ஆய்வுகளில் பயன்பட்ட அளவு. பிராண்ட் இதைத் தன் உள்ளங்கையாலேயே கண்டுபிடிப்பாராம்.

ஒளூவின்போது கால் விரல்களின் இடுக்கைக் கோதிக் கழுவுகிறோம். அந்த நேரத்தில் பாதத்தின் அடிப்பக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்த்து, சூடு வித்தியாசமாக இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்து, விரலிடுக்கில் ஈரம் நிற்காமல் துடைத்துக்கொண்டால், எந்த உணரியும் இல்லாத வீட்டிலும் நாளுக்கு ஒரு சோதனையாவது நடந்துவிடும். குனிய முடியாதவருக்கும் கண் மங்கியவருக்கும் வீட்டில் ஒருவர் பார்க்க வேண்டும்.

சங்கே ஊதாத செருப்பு

பிராண்டின் கேள்விக்கு பெங்களூரிலிருந்து வந்த ஒரு பதில் நம்மை மிகவும் கவர்ந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் இயந்திரவியல் துறையும் கர்நாடக நாளமில்லாச் சுரப்பியியல் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய செருப்பு அது, 2022-இல் அறிவிக்கப்பட்டது. அதில் உணரி இல்லை, பேட்டரி இல்லை, போன் இல்லை. முப்பரிமாண அச்சில் செய்த பாதத்தகட்டில் சிறு சிறு வளைவுகள் இருக்கின்றன. பெண் பிள்ளைகள் தலையில் மாட்டும் டிக்டாக் கிளிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அளவு வரை அழுத்தினால் அது அப்படியே இருக்கும். அளவைத் தாண்டினால் 'டக்' என்று மறுபக்கம் வளைந்துவிடும். இந்த வளைவுகளும் அப்படித்தான். ஒரு இடத்தில் அழுத்தம் எல்லையைத் தாண்டினால் அங்குள்ள வளைவு உள்வாங்கிவிடும்; எடை பக்கத்து இடங்களுக்குப் போய்விடும். காலை எடுத்ததும் வளைவு பழைய நிலைக்குத் திரும்பும். எவருடைய எடைக்கு, எந்தக் கால் அளவுக்கு, எந்த நடைக்கு என்று கணக்கிட்டு வளைவின் தடிப்பைத் தீர்மானிக்கலாம்.

அணையில் தண்ணீர் ஏறியதும் மதகு தானே திறந்துகொள்வது போன்றது இது. யாரும் கேட்க வேண்டியதில்லை என்பதால் யாரும் அலட்சியம் செய்யவும் முடியாது. அணைக்கும் பொத்தானும் இல்லை. வயதானவர்களுக்குக் கடிகாரத்தில் வரும் எச்சரிக்கையைவிட இதுவே ஏற்றது என்பது நம் கருத்து. ஆனால் செருப்பு என்பதால் இதுவும் பள்ளிவாசலின் வாசலோடு நின்றுவிடும். எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் அழுத்தம் விழுந்தது என்று மருத்துவருக்குச் சொல்லவும் இதற்குத் தெரியாது. அந்த வேலைக்கு உணரிதான் வேண்டும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

ஆன்லைன் கடைகளில் 'ஸ்மார்ட் இன்சோல்' என்ற பெயரில் கிடைப்பவற்றில் பல, ஓட்டக்காரர்கள் அடியை எண்ணுவதற்காகச் செய்தவை. அழுத்தத்தை அளப்பதாகச் சொன்னாலும் அவை மருத்துவக் கருவிகள் அல்ல. சர்க்கரை நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டதா, எந்த எல்லையில் எச்சரிக்கும், நின்றுகொண்டிருக்கும்போதும் அளக்குமா, தண்ணீர் பட்டால் என்னாகும் என்று கேளுங்கள். புண் இருக்கும் பாதத்தில் மருத்துவர் சொல்லாமல் எதையும் ஒட்ட வேண்டாம்; தடிப்பான தகட்டின் விளிம்பே புதுப் புண்ணுக்குக் காரணமாகலாம்.

எச்சரிக்கை யாருக்குப் போகிறது என்பதையும் கேளுங்கள். நம் வீடுகளில் போனைக் கையாளத் தெரிந்த மகன் பெரும்பாலும் துபாயிலோ கோலாலம்பூரிலோ இருப்பார். அத்தாவின் இடது பாதத்தில் அழுத்தம் கூடியிருக்கிறது என்று அவருடைய போன் அங்கே அதிர்ந்து என்ன பயன்? வீட்டில் இருக்கும் மருமகளுக்கோ பேரனுக்கோ போக வேண்டும். வந்தால் என்ன செய்வது என்றும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரியவரை உட்கார வைத்து, காலைத் தரையிலிருந்து எடுத்து, செருப்பைத் தலைகீழாகத் தட்டி, பாதத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவந்தோ சூடாகவோ இருந்தால் அந்தக் காலுக்கு ஓய்வு கொடுத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். காய்ப்பைப் பிளேடால் செதுக்குவதும் உணர்வைச் சோதிக்க வெந்நீரில் காலை விடுவதும் கூடவே கூடாது.

கருவி வாங்கும் முன்பே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. தூண்டில் நரம்பு போன்ற ஒரு நைலான் இழை. 10 கிராம் விசையில் வளையும்படி செய்தது. கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தின் சில இடங்களில் அது வளையும் வரை தொட்டு, 'தெரிகிறதா' என்று கேட்பார்கள். இந்த 10 கிராம் எல்லையை 1986-இல் உறுதிப்படுத்தியதும் கார்வில் மருத்துவமனைதான். சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கும் எந்த மருத்துவரிடமும் இந்தச் சோதனையைக் கேட்கலாம். வைகை அணைக்கு அதிகத் தொலைவில்லாத க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. உணர்வும் இரத்த ஓட்டமும் சரியாக இருப்பவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை போதும். உணர்வோ இரத்த ஓட்டமோ ஒன்று குறைந்திருந்தால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை. இரண்டும் குறைந்திருந்தாலோ, குறையோடு பாதத்தின் வடிவமும் மாறியிருந்தாலோ 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை. அத்தகைய பாதத்தில் முன்பே புண் வந்திருந்தால் 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறது சர்வதேச ஆய்வுக் குழுவின் வழிகாட்டுதல்.